துருவேறி இறுகிய ஸ்ட்ரட்டைக் கழற்றுவது எப்படி?



ஆட்டோமொபைல் புத்தகங்களில் முன் சக்கர ஸ்ட்ரட்டைக் கழற்றும் பகுதியைப் பாருங்கள். போல்ட்டை எடு, ஸ்ட்ரட்டை வெளியே இழு என்பதோடு முடிந்துவிடும். எழுதியவர் புது வண்டியைப் பார்த்து எழுதியிருப்பார் போலிருக்கிறது. நம்ம மணலி புதுநகர்ப் பக்கம் ஓடுகிற பதினைந்து, இருபது வருட வண்டியில் அந்த ஒரு வரி வேலைக்கு இரண்டு நாள் ஆகும். சில சமயம் அதைவிடப் பெரிய நஷ்டமும் ஆகும். அப்படி ஒரு நஷ்டத்தை என் கையாலேயே உண்டாக்கிய பிறகுதான் இந்த வேலையை நான் சரியாகக் கற்றுக்கொண்டேன். என் வீட்டில் என்னைத் தவிர யாரும் பாலிடெக்னிக் படி ஏறியதில்லை. ஆங்கில மேனுவலில் சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க ஆளில்லை. என்னைப் போன்றவர்கள் நம்மில் பலர் உண்டு. எனவேதான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

ஸ்ட்ரட் என்பது என்ன?

ஷாக் அப்சார்பர், அதைச் சுற்றிய காயில் ஸ்பிரிங், மேலே பாடியில் மாட்டும் ரப்பர் மவுண்ட் ஆகிய மூன்றும் ஒரே தூணாகச் சேர்ந்ததுதான் ஸ்ட்ரட். இந்த அமைப்புக்கு அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் பெயரை வைத்து மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்கிறோம். 1950-ல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்டு கான்சல் காரில் இது வந்தது. பாகங்கள் குறைவு, இடமும் குறைவு என்பதால் சின்ன கார்களுக்கு மிகவும் பொருத்தம்.

அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் முன்னால் இந்த ஸ்ட்ரட் கிடையாது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் நம் ஊர் மெக்கானிக்குகளின் கைக்கு இது பரவலாக வந்தது.

ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் மாட்டும். இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகையில் ஸ்ட்ரட்டின் அடியில் ஒரு தகட்டுப் பிராக்கெட் இருக்கும். இரண்டு போல்ட் அதை நக்கிளோடு சேர்க்கும். மாருதி 800 இந்த வகை. இதில் போல்ட்தான் இறுகும். போல்ட்டை எடுத்துவிட்டால் ஸ்ட்ரட் வந்துவிடும்.

இரண்டாம் வகையில் ஸ்ட்ரட்டின் உருளைக் குழாய் நக்கிளில் உள்ள துளைக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்திருக்கும். துளையின் ஒரு பக்கம் பிளவு விட்டிருப்பார்கள். குறுக்கே போகும் பின்ச் போல்ட்டை முறுக்கினால் பிளவு நெருங்கி, நக்கிள் குழாயைக் கவ்விக்கொள்ளும். மறைமலை நகரில் தயாராகி 1999-ல் வெளிவந்த ஃபோர்டு ஐகான் இந்த வகை. இதில் போல்ட்டை எடுத்த பிறகும் குழாய் வெளியே வராது. இந்தக் கட்டுரை முக்கியமாக இந்த வகையைப் பற்றியது.

ஏன் இறுகுகிறது?

இரும்போடு தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. இது பள்ளிப் பாடம். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும் என்பது நாம் கவனிக்காத விஷயம். குறைந்தது இரண்டு மடங்காவது ஊதும். திறந்த இடத்தில் ஊதினால் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். குழாய்க்கும் நக்கிளுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். அதற்குள் ஊதினால் எங்கே போகும்? ஆப்பு அடித்த மாதிரி இரண்டையும் இறுக்கிவிடும்.

நம் பகுதியில் இதற்கு எல்லா வசதியும் உண்டு. எண்ணூர்க் கடல் பக்கத்தில். உப்புக் காற்றில் உள்ள குளோரைடு, ஈரத்தை மின்சாரம் கடத்தும் கரைசலாக்கித் துருவை வேகப்படுத்துகிறது. நிலக்கரியும் கந்தகமுள்ள எண்ணெயும் எரியும் தொழிற்பகுதிகளில் புகையில் கந்தக டை ஆக்சைடு இருக்கும். அதுவும் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். போதாக்குறைக்குக் கொசஸ்தலை ஆற்று வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருத் தெருவாகத் தண்ணீரில் நின்ற வண்டிகளை நாம் பார்த்தோம். தண்ணீர் வடிந்தாலும் அந்த மயிரிழை இடைவெளிக்குள் போன ஈரம் சீக்கிரம் காயாது.

இனி, நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குழாயின் விட்டம் 50 மி.மீ., நக்கிளுக்குள் இறங்கியுள்ள ஆழம் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தொடும் பரப்பு 3.14 × 50 × 50, அதாவது சுமார் 7,850 சதுர மி.மீ. துருவின் பிடி ஒரு சதுர மி.மீட்டருக்கு வெறும் 2 நியூட்டன்தான் என்று கொண்டாலும், அதை அறுக்க 15,700 நியூட்டன் வேண்டும். ஏறக்குறைய 1,600 கிலோ எடை!

இப்போது ஒன்றரை மீட்டர் கடப்பாரையை எடுத்து, தாங்குபுள்ளியை 15 செ.மீ.யில் வைத்து, 30 கிலோ பலத்தில் அமுக்குங்கள். 135-ஐ 15-ஆல் வகுத்தால் 9 மடங்கு. கிடைப்பது 270 கிலோ. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். பலத்தால் மட்டும் இதை ஜெயிக்க முடியாது என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது. துருவின் பிடியை முதலில் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கை நான் முன்பே போட்டிருந்தால் கீழே சொல்லப்போகும் தப்பு நடந்திருக்காது.

நான் செய்த தப்பு

2024 மே மாத விடுமுறையில் எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலைக்குப் போனேன். அங்கே ஒரு பழைய ஐகான் வந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டி. முன் ஷாக் இரண்டும் ஆயில் கசிந்து, கன்டெய்னர் லாரிகள் ஓடும் ரோட்டுப் பள்ளத்தில் இறங்கினால் குதிரை மாதிரி குதித்தது. கார்க்கார அண்ணன் தன் அம்மாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு அதில்தான் அழைத்துப் போவார். "ரெண்டு நாள்ல குடுத்துடுங்க மேஸ்திரி, அம்மாவால பஸ் ஏற முடியாது" என்று கேட்டுக்கொண்டுதான் விட்டுப் போனார்.

வலது பக்கப் பின்ச் போல்ட்டை மேஸ்திரி பக்குவமாக எடுத்துவிட்டார். ஸ்ட்ரட் அசையவில்லை. துரு விலக்கும் எண்ணெயை விட்டுவிட்டு, "நைட்டு பூரா ஊறட்டும் தம்பி, நீ கை வெக்காத" என்று சொல்லிவிட்டுச் சாமான் வாங்கப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வருவதற்குள் கழற்றி வைத்தால் பாராட்டுவார் என்ற நினைப்பு. உளியைப் பிளவில் வைத்துச் சம்மட்டியால் போட்டேன். நாலாவது அடியில் 'டிக்' என்று ஒரு சின்ன சத்தம். ஸ்ட்ரட் இறங்கவில்லை. உளியை எடுத்துப் பார்த்தால், பிளவின் அடி மூலையில் தலைமுடி போல ஒரு கோடு.

தோழர்களே, அந்தக் கோட்டின் மேல் விரலால் கிரீஸைத் தடவினேன். கோடு மறைந்துவிட்டது. மேஸ்திரி திரும்பி வந்து டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். சொல்லவில்லை. போல்ட்டைப் போட்டு முறுக்கினால் பிளவு நெருங்கிவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மனசு கணக்குப் போட்டது. அந்த நக்கிளில்தான் சக்கரம் நிற்கிறது, பின் சீட்டில் அந்த அம்மா உட்காருவார் என்ற நினைப்பு வந்ததும் டீ தொண்டையில் இறங்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, நான் அடிச்சிட்டேன். விரிசல் மாதிரி இருக்கு" என்றேன்.

அவர் திட்டவில்லை. நக்கிளைத் துடைத்து, அந்த இடத்தில் மண்ணெண்ணெய் விட்டு, கால் மணி நேரம் கழித்து மேல்பரப்பை நன்றாகத் துடைத்தார். சாக்பீஸைப் பொடி பண்ணி மெல்லிசாகத் தூவினார். வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு ஒன்று மெதுவாக ஊறி வந்தது. சுமார் 2 செ.மீ. நீளம். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெயைச் சாக்பீஸ் பொடி உறிஞ்சிக் காட்டிவிட்டது. லேபில் டை பெனட்ரன்ட் சோதனை என்று படிக்கிறோமே, அதற்கு அண்ணன் முறை இது.

"அடி மேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்னு சொல்வாங்கள்ல அண்ணே, அத நெனச்சித்தான்..." என்று இழுத்தேன். "அம்மி நகரும்பா. நக்கிளு ஒடையும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சரியான முறை

இடது பக்க ஸ்ட்ரட்டை அவர் மேற்பார்வையில் நானே கழற்றினேன். அந்த முறையை வரிசையாகத் தருகிறேன்.

1. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தவும். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டு வைக்கவும். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டுதான் தாங்குவதற்கு. இந்த வேலையில் வண்டி குலுங்கும், எனவே ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது.

2. பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலை தெரியும். அதன் நடுவில் உள்ள நட்டை எந்தக் காரணத்துக்காகவும் வண்டியில் வைத்துக் கழற்றாதீர்கள். சுருங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுதான். ஒரு ஸ்பிரிங்கின் விறைப்பு மி.மீட்டருக்கு 20 நியூட்டன், அது 150 மி.மீ. சுருங்கியிருக்கிறது என்று கொண்டால், விசை 3,000 நியூட்டன். உள்ளே அடங்கிய ஆற்றல் 225 ஜூல். 10 கிலோ இரும்பு ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே, 2.3 மீட்டரிலிருந்து தலையில் விழுவதற்குச் சமம். ஸ்பிரிங்கைப் பிரிப்பது ஸ்ட்ரட் வெளியே வந்த பிறகு, நல்ல கம்ப்ரஸர் மாட்டித்தான்.

3. சக்கரத்தை எடுத்து, ஸ்ட்ரட்டில் மாட்டியுள்ள பிரேக் ஹோஸையும் ஒயர் இருந்தால் அதையும் விடுவிக்கவும். ஆன்டி ரோல் பார் இணைப்பு ஸ்ட்ரட்டில் இருந்தால் அதையும் கழற்றவும். பிரேக் காலிப்பரை எடுத்தால் கம்பியால் கட்டித் தொங்கவிடவும். ஹோஸில் அதன் எடை விழக்கூடாது.

4. பின்ச் போல்ட்டின் மரையை வயர் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்க்கவும். எண்ணெய் விட்டு ஊறவைக்கவும். ஆறு பட்டை சாக்கெட்டையே போடவும். பன்னிரண்டு பட்டை சாக்கெட்டும் ஸ்க்ரூ ஸ்பானரும் தலையை உருட்டிவிடும். முதலில் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கும் பக்கம் ஒரு அசைவு கொடுத்து, பிறகு தளர்த்தவும். வரும்போது கடினப்பட்டால் திரும்ப அரைச் சுற்று உள்ளே விட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே. இப்படி முன்னும் பின்னுமாக. போல்ட்டை முழுவதும் வெளியே எடுக்க வேண்டும், பாதியில் விட்டால் அதுவே ஸ்ட்ரட்டைத் தடுக்கும்.

5. குழாய் நக்கிளுக்குள் நுழையும் இடத்தில் துரு ஒரு வளையம் போலத் திரண்டிருக்கும். அதைச் சுரண்டி எடுக்கவும். அது இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்காது. இதைப் பலர் செய்வதில்லை.

6. துரு விலக்கும் எண்ணெயை மேல் விளிம்பு, பிளவு, அடிப்பக்கம் மூன்றிலும் விடவும். பிரேக் டிஸ்க்கின் மேல் படாமல் துணி போடவும். சாயங்காலம் ஒரு தடவை, படுக்கப் போகும் முன் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் நக்கிளின் பக்கவாட்டில் சின்ன சுத்தியலால் லேசாகத் தட்டவும். தட்டுவது நகர்த்துவதற்கு அல்ல, அதிர்வில் துரு நொறுங்கி எண்ணெய்க்கு வழி கிடைப்பதற்கு.

7. பிளவைச் சற்று விரிக்க ஸ்ப்ரெடர் சாக்கெட் என்று ஒன்று உண்டு. முட்டை வடிவ முனை. பிளவில் விட்டுக் கால் சுற்றுத் திருப்பினால் விரியும். இல்லாவிட்டால் மெல்லிய ஆப்பை லேசான தட்டில் செருகவும். எதிர்ப்பு தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளவும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு அடியும் பிளவின் மூலையில்தான் போய்ச் சேரும். நக்கிள் வார்ப்பு இரும்பு, ரப்பர் அல்ல.

8. மேல் மவுண்ட் நட்டுகள் இருக்கட்டும். கீழ்க் கையின் மேல் மரக்கட்டை வைத்து, கடப்பாரையால் ஒருவர் அதைக் கீழே அமுக்க, மற்றவர் நக்கிளின் கவ்வும் பகுதியை இருபுறமும் மாறி மாறிக் கீழ்நோக்கித் தட்டவும். செம்பு அல்லது பித்தளைச் சுத்தியல் நல்லது. ஸ்ட்ரட் குழாயிலும் பிரேக் டிஸ்க்கிலும் பால் ஜாயின்ட்டிலும் அடிக்கக்கூடாது.

9. நக்கிள் இறங்கத் தொடங்கியதும் டிரைவ் ஷாஃப்டைக் கவனிக்கவும். நக்கிளை வெளிப்பக்கம் இழுத்தால் ஜாயின்ட் கழன்று பூட் கிழியும். கீழே கட்டை வைத்துத் தாங்கிக்கொள்ளவும். பிறகு ஒருவர் ஸ்ட்ரட்டைப் பிடித்துக்கொள்ள, மேல் மவுண்ட்டைக் கழற்றி எடுக்கவும்.

கேஸ் வெல்டிங் வைக்கலாமா?

இந்தக் கேள்வி எல்லோரும் கேட்பது. எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 12 மைக்ரான் விரியும். 50 மி.மீ. துளையை மட்டும் 100 டிகிரி சூடேற்றினால் 0.06 மி.மீ. பெரிதாகும். துருவை உடைக்க அது போதும் என்பது உண்மை. உள்ளே இருப்பது என்ன? ஆயில் நிரம்பிய மூடிய குழாய். பலவற்றில் அழுத்தத்தில் கேஸும் உண்டு. சூடேறினால் வெடிக்கலாம். பக்கத்திலேயே வீல் பேரிங் கிரீஸ், ரப்பர் பூட், பிரேக் ஹோஸ். துரு விலக்கும் எண்ணெயும் தீப்பிடிக்கும். எனவே ஸ்ட்ரட்டில் நெருப்பு வேண்டாம் என்பதுதான் பதில்.

திருப்பி மாட்டும்போது

துளையின் உள்ளே எமரி பேப்பரால் துருவை எடுத்து, துடைத்து, சாக்பீஸ் பொடி சோதனை ஒரு தடவை செய்துவிடுங்கள். குழாயின் பின்னால் உள்ள சின்ன நாக்கு நக்கிளின் பிளவுக்கு நேராக வர வேண்டும். ஸ்ட்ரட் அடி வரை முழுவதும் உட்கார வேண்டும். பின்ச் போல்ட்டும் நட்டும் புதிதாகப் போடுங்கள், மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஷாக் இரண்டு பக்கமும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். கடைசியாக வீல் அலைன்மென்ட். மாருதி 800 போன்ற இரண்டு போல்ட் வகையில், கழற்றும் முன் பிராக்கெட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் உளியாலோ பெயின்டாலோ அடையாளம் வைத்துக்கொண்டால் கேம்பர் அதிகம் மாறாது.

முடிவாக...

இடது பக்க ஸ்ட்ரட் இரண்டு இரவு ஊறியது. மூன்றாம் நாள் காலை ஏழாவதோ எட்டாவதோ தட்டில் 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. இவ்வளவுதானா என்றிருந்தது.

வலது பக்கத்தை நக்கிளோடு சேர்த்தே இறக்க வேண்டியதாயிற்று. ஐகான் இப்போது தயாரிப்பில் இல்லை. அந்த நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-ல் மறைமலை நகரில் உற்பத்தி நின்றும் போனது. எனவே புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளில் தேடினோம். மேஸ்திரி சட்டைப் பையில் சாக்பீஸ் கொண்டு வந்திருந்தார். முதல் கடையில் கிடைத்த நக்கிளிலும் கோடு தெரிந்தது. யாரோ நம்மைப் போல ஒருவர் அடித்தது! மூன்றாவது கடையில்தான் நல்லது கிடைத்தது. அதற்குப் புதுப் பேரிங் போட்டு மாட்டினோம். செலவில் மேஸ்திரி பாதி, நான் பாதி. என் பாதி என்பது அந்த விடுமுறையில் நான் சேர்த்த கூலி முழுவதும்.

இரண்டு நாளில் தர வேண்டிய வண்டி ஆறாம் நாள்தான் போனது. நடுவில் இரண்டு முறை அந்த அம்மா ஷேர் ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வண்டி எடுக்க வந்தபோது அம்மாவும் வந்திருந்தார்கள். தாமதத்துக்குக் காரணம் நான்தான் என்று மகனிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அம்மாதான், "ஒடைஞ்சத மறைச்சி குடுக்காம மாத்திக் குடுத்தியே கண்ணு, போதும்" என்றார்கள்.

தோழர்களே, இறுகிய இரும்பு எதுவானாலும் முதலில் எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்துக்கு எண்ணெய் போக வழி செய்யுங்கள். பிறகு நேரம் கொடுங்கள். ராத்திரி முழுக்கச் சும்மா இருப்பதும் இந்த வேலையில் ஒரு படிதான். அதைத் தாண்டிப் போனால் உடைவது துரு அல்ல. அப்படியும் உங்கள் கையில் ஏதாவது உடைந்துவிட்டால், கிரீஸ் தடவாமல் சொல்லிவிடுங்கள்.